தனியாக நெடுந்தீவு: மட்டக்குதிரைகளைத் தேடி ஒரு நாள்

யாழ்ப்பாணத்துக்கு முதன்முறை வருகிறவர்களுக்கு நல்லூரையும் கோட்டையையும் காட்ட ஆள் தேட வேண்டியதில்லை. நெடுந்தீவு என்றதும் மட்டும் “தனியாப் போகாதேங்கோ, நாலு பேராச் சேர்ந்து போங்கோ” என்பார்கள். தீவில் உள்ள இடிந்த கோட்டையையும் கடற்கரையையும் பார்த்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம் என்றால் அது சரியான யோசனை. அங்கே தாமாகத் திரியும் மட்டக்குதிரைகளைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் நான் தனியாகப் போகச் சொல்வேன். இருபது பேர் சத்தமாகப் பேசிக்கொண்டு வெட்டவெளியில் இறங்கினால் குதிரைகள் மெல்ல நகர்ந்து தூரப் போய்விடும். ஓரிடத்தில் பேசாமல் குந்தியிருக்கும் ஒற்றை மனிதரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அவை திரும்ப மேயத் தொடங்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெடுந்தீவில் எல்லாமே நன்னீரைச் சுற்றித்தான் நடக்கிறது. ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள, மேடு பள்ளம் அதிகம் இல்லாத, முருகைக்கல் தரையாலான தீவு அது. ஆறு கிடையாது. மழைநீர் தங்கும் குளங்களும் கேணிகளும், நல்ல தண்ணீர் ஊறும் சில கிணறுகளும்தான் மனிதருக்கும் மாட்டுக்கும் குதிரைக்கும் பறவைக்கும் ஆதாரம். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் போனால் குதிரைகளைக் கண்டுபிடித்துவிடலாம். உங்கள் தண்ணீரைக் கையோடு கொண்டுபோனால், அவற்றின் பங்கில் கை வைக்காமல் திரும்பிவிடலாம்.

எந்த மாதம்

தையிலிருந்து பங்குனி வரை, அதாவது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை போனால் மிக நல்லது. மாரி மழை ஓய்ந்திருக்கும், குளங்களில் தண்ணீர் மிஞ்சியிருக்கும், வெளிகளில் புல் நிற்கும். வடக்கிலிருந்து வந்த வலசைப் பறவைகளும் பரவைக்கடலை விட்டுப் போயிருக்காது. கடலும் ஓரளவு அமைதி.

மே மாதத்தோடு சோளகக் காற்று எழும்பிவிடும். செப்டெம்பர் வரைக்கும் கடல் குலுக்கும், சில நாட்களில் படகு ஓடாது. வெயிலும் கடுமை. இருக்கிற கொஞ்சத் தண்ணீரை அண்டியே குதிரைகள் நிற்பதால் அவற்றைக் காண்பது அப்போதுதான் சுலபம். ஆனால் உடல் வற்றி, விலா எலும்பு தெரிய நிற்கும். கடும் வறட்சியில் தண்ணீர் கிடைக்காமல் குதிரைகள் இறந்தும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் போகிறவர்கள் வழமையைவிட இரண்டு மடங்கு தள்ளியே நிற்க வேண்டும். உங்களைக் கண்டு நூறு மீற்றர் ஓடுவதுகூட அவற்றுக்கு அப்போது பெரிய செலவு.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயல் எச்சரிக்கையும். ஒரு நாள் மட்டும் கையில் வைத்திருப்பவர் அந்த மாதங்களை நம்ப வேண்டாம். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா நாட்களிலும், கச்சதீவு அந்தோனியார் திருவிழாவை ஒட்டிய நாட்களிலும், நெடுந்தீவுக்குப் படகு புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறையில் சனம் நிரம்பி வழியும். முதல் திருவிழா ஆனியில் வரும், மற்றது பெப்ரவரி மார்ச்சில். அந்தத் திகதிகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மாலை

முதலில் படகு. நெடுந்தீவுக்கு ஓடும் படகுகளில் குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்ற பெயர்களைக் கேள்விப்படுவீர்கள். தனியார் படகுகளும் உண்டு. எது எப்போது ஓடுகிறது என்பது பழுது, காற்று, எரிபொருள் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். தங்கும் வீட்டுக்காரரிடமோ யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலோ முதல் நாளே விசாரியுங்கள். போகும் நேரத்தைவிடத் திரும்பும் நேரம் முக்கியம். அதையும் சேர்த்தே கேளுங்கள்.

அடுத்தது பை. ஒருவருக்கு மூன்று லீற்றர் தண்ணீர். பாரமாக இருக்கும், இருந்தாலும் குறைக்க வேண்டாம். அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, அடி தடித்த மூடிய சப்பாத்து. முருகைக்கல் செருப்பைக் கிழித்துவிடும். இடியப்பப் பொதியோ பாணோ, இரண்டு வாழைப்பழம். தீவில் சாப்பாட்டுக் கடை உண்டு, ஆனால் சாப்பாட்டுக்காகக் காத்திருந்தே உங்கள் நேரம் போய்விடும். சில்லறையாகப் பிரித்த காசு. முழுதாக சார்ஜ் ஏற்றிய போன். இருந்தால் பைனாகுலர். எனக்குக் கமெராவையும் பைனாகுலரையும் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் பைனாகுலரைத்தான் எடுப்பேன், கிட்டப் போகும் ஆசையை அது பாதியாகக் குறைத்துவிடும். ட்ரோனை வீட்டில் விடுங்கள். அதற்கு அனுமதி வேண்டும், அந்த இரைச்சல் குதிரைக் கூட்டத்தைச் சிதறடித்தும் விடும்.

தனியாகப் போகிறவர் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று: எங்கே போகிறீர்கள், எந்தப் படகில் திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். விடுதிக்காரர் போதும். “ஐயா, நாளைக்கு நெடுந்தீவு போறன், பின்னேரம் வராவிட்டால் ஒருக்கா எடுத்துப் பாருங்கோ” என்று சொன்னால் யாழ்ப்பாணத்தில் யாரும் தட்டமாட்டார்கள். பெண்கள் தனியாகப் போவதும் நடக்கிற காரியம்தான். படகில் ஊர்ப் பெண்கள், ஆசிரியைகள், தாதிமார் வருவார்கள். அவர்களோடு இருந்து நாலு வார்த்தை பேசினால், எந்த ஓட்டோக்காரர் நம்பிக்கையானவர் என்பதுவரை சொல்லிவிடுவார்கள்.

காலையில் பஸ், அப்புறம் படகு

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு 776ஆம் இலக்க பஸ். பண்ணைத் தாம்போதியால் தீவகத்துக்குள் புகுந்து, வேலணையைக் கடந்து, புங்குடுதீவின் மேற்குக் கரைக்குப் போய்ச் சேரும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். விடிகிற நேரத்து பஸ்ஸையே பிடியுங்கள், யன்னல் ஓரமாக இருங்கள். தாம்போதியின் இரு பக்கமும் ஆழமில்லாத கடல். கொக்கும் நீர்க்காகமும் ஆலாவும் பஸ்ஸில் இருந்தபடியே தெரியும். பறவை பார்க்க இப்போது இறங்க வேண்டாம். அதற்குத் திரும்பும்போது இடம் வைத்திருக்கிறேன்.

குறிகட்டுவானில் இரண்டு வரிசை இருக்கும். நயினாதீவு வரிசையில் போய் நின்றுவிடாதீர்கள். கேட்டுவிட்டு நில்லுங்கள். நெடுந்தீவுப் படகு அங்கே வாழ்கிறவர்களுக்கு பஸ் மாதிரி. நோயாளி, கைக்குழந்தை, அரிசி மூட்டை, எரிவாயு சிலிண்டர், வேலைக்குப் போகும் அலுவலர் எல்லாம் அதில்தான். இடம் குறைவாக இருந்தால் அவர்கள்தான் முதலில் ஏற வேண்டும், சுற்றிப் பார்க்க வந்தவர் அடுத்த படகுக்கு நிற்கலாம். லைஃப் ஜாக்கெட் தந்தால் வாங்கிப் போடுங்கள், தராவிட்டால் கேளுங்கள். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் படகின் பின்பாதியில், காற்றுப் படும் இடத்தில் இருந்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு வரலாம். ஏறக்குறைய ஒரு மணித்தியால ஓட்டம்.

இந்தக் கடலில் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வந்த பயணிகள் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். தீவு ஆண்டுதோறும் அவர்களை நினைவுகூர்கிறது. படகில் பாட்டைச் சத்தமாகப் போட்டுக் கூத்தடிக்கும் கூட்டத்தைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. உங்களோடு வரும் முதியவர்களுக்கு அந்தப் பெயர் வெறும் படகுப் பெயர் அல்ல.

மாவிலித்துறையில் இறங்கியதும் முதல் வேலை, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று துறையில் நிற்கிற இரண்டு பேரிடமாவது கேட்பது. அந்த நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலத்தைக் கழியுங்கள். மிச்சம் எவ்வளவோ அதுதான் உங்கள் நாள்.

ஓட்டோவா சைக்கிளா

சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம் என்று பலர் ஆசைப்படுவார்கள். தீவு சமதரை என்பதால் சுலபம் என்று தோன்றும். ஆனால் நிழல் குறைவு, சில பாதைகள் கல்லும் மணலும், காற்று எதிரே வந்தால் மிதிப்பதே பெரிய பாடு. பழக்கமில்லாதவர் முதல் பயணத்தில் ஓட்டோ பிடித்து, குதிரை நிற்கும் வெளியில் இறங்கி நடப்பதே நல்லது. ஏறுவதற்கு முன் மூன்று விசயம் பேசி முடியுங்கள்: மொத்தக் காசு, போகும் இடங்கள், காத்து நிற்கும் நேரம். தனியாக வந்த இன்னொருவர் துறையில் நின்றால் காசைப் பங்கு போடலாம், அவரும் அமைதியை விரும்புகிறவர் என்றால்.

ஓட்டோக்காரர் வழமையாகக் கோட்டை, புறாக்கூடு, பெருக்குமரம் என்று தொடங்குவார். “அண்ணை, முதல்ல குதிரை. மற்றதெல்லாம் திரும்பி வரேக்க பாப்பம்” என்று சொல்லுங்கள். கோட்டை ஓடிப்போகாது. “இண்டைக்குத் தண்ணி எந்தப் பக்கம் நிக்குது?” என்றும் கேளுங்கள். வரைபடத்தில் கிடைக்காத பதில் அவரிடம் இருக்கும்.

குதிரைகளோடு

இந்தக் குதிரைகளின் கதை குடியேற்றக்காரரோடு தொடங்குகிறது. போர்த்துக்கேயர் காலத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் வளர்ப்பை ஒல்லாந்தர் பெருக்கினார்கள். தங்கள் நாட்டு நகரம் ஒன்றின் பெயரைத் தீவுக்கு டெல்ஃப்ட் என்று வைத்தவர்களும் அவர்கள்தான். ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பைப் பார்த்துக்கொண்டார். பழைய லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. பிறகு ஆட்சிக்காரருக்குக் குதிரை தேவைப்படாமல் போயிற்று. விடப்பட்டவை தாமாகவே பெருகி, தலைமுறை தலைமுறையாகக் காய்ந்த புல்லையும் உப்புக்காற்றையும் தாங்கப் பழகின. உருவம் கட்டையாக இருப்பதால் மட்டக்குதிரை என்கிறோம். 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

தெற்கிலும் மேற்கிலும் உள்ள வெட்டவெளிகளில் இவற்றைக் காணலாம். கூட்டம் தெரிந்ததும் ஓட்டோவைத் தூரத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள், இயந்திரத்தை அணைக்கச் சொல்லுங்கள். இறங்கி உடனே நடக்காதீர்கள். சற்று நேரம் நின்று கூட்டத்தை எண்ணுங்கள். வழமையாக ஓர் ஆண்குதிரை, சில பெண்குதிரைகள், குட்டிகள் என்று இருக்கும். ஆண்குதிரை மேயாமல் தலையைத் தூக்கி உங்கள் பக்கம் திரும்பி நிற்கும். அது எது என்று தெரியும் வரைக்கும் ஓர் அடி வைக்க வேண்டாம்.

அப்புறம் நேராகப் போகாமல் சாய்வாக, வேறெங்கோ போகிறவர் போல நடங்கள். கண்ணை வெட்டாமல் பார்த்துக்கொண்டு நேரே வருகிற எதையும் குதிரை வேட்டைக்கு வருவதாகவே எடுத்துக்கொள்ளும். ஐம்பது மீற்றர் இடைவெளியில் நின்றுவிடுங்கள். காற்று உங்களிடமிருந்து அவற்றை நோக்கி வீசினால் நல்லது. மணம் பிடித்து நீங்கள் யார் என்று தெரிந்துகொண்டால் திடுக்கிடமாட்டா. பிறகு குந்துங்கள். வேலை அவ்வளவுதான். பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது. அதன்பின் ஒரு குட்டி தாயைவிட்டு இரண்டடி வெளியே வரும், இரண்டு குதிரைகள் ஒன்றின் கழுத்தை மற்றது பல்லால் சொறியும், ஒன்று மண்ணில் புரண்டு எழும்பி உடலை உதறும். இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

காதைப் பின்னுக்கு மடித்தால், வாலைச் சுழற்றி அடித்தால், காலால் நிலத்தைத் தட்டினால் எழும்பிப் பின்னுக்குப் போங்கள். முதுகைக் காட்டி ஓட வேண்டாம். தாய்க்கும் குட்டிக்கும் இடையில் ஒருபோதும் நிற்காதீர்கள். கூட்டத்துக்கும் தண்ணீருக்கும் இடையிலும் நிற்காதீர்கள். இந்த இரண்டாவதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. குளக்கரையில் நின்று படம் நன்றாக வருகிறது என்று அங்கேயே நிற்பார்கள். தாகத்தோடு வந்த குதிரைகள் அவர்கள் போகும் வரைக்கும் வெயிலில் காத்து நிற்கும்.

பாண், பிஸ்கட், வாழைப்பழத்தோல் எதுவும் கொடுக்க வேண்டாம். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. ஒத்துக்கொள்ளாத தீனியால் வயிறு பொருமினால் உயிரே போகலாம். கையால் தின்னப் பழகிய குதிரை பொலித்தீன் பையையும் மோந்து பார்க்கும். காயப்பட்ட குதிரையையோ கண்ணியில் சிக்கியதையோ கண்டால் நீங்களாக அவிழ்க்கப் போகாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து, ஓட்டோக்காரர் மூலமாக வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ சொல்லுங்கள்.

கல்வேலி, பாம்பு, கரை

திரும்பும் வழியில் பெருக்குமரத்தைப் பாருங்கள். ஆபிரிக்கப் பிரதேச மரம், அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அடிமரத்தில் ஆள் நுழையக்கூடிய பொந்து இருக்கிறது. உள்ளே போகும் முன் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். வௌவால் இருந்தால் விட்டுவிடுங்கள். மரத்தில் பெயர் செதுக்கியவர்களைப் பின்பற்றாதீர்கள்.

தீவு முழுக்கக் காணிக்குக் காணி முருகைக்கல் வேலி. சாந்து இல்லாமல் கல்லைக் கல்லின்மேல் அடுக்கியே கட்டியிருக்கிறார்கள். அழகைப் பார்த்து மேலே ஏறி நிற்பதும், இடுக்கில் கையை விட்டுப் பிடிப்பதும் கூடாது. கல் சரியும் என்பது ஒன்று. பாம்புக்கு அதைவிடக் குளிர்ச்சியான இடம் இல்லை என்பது மற்றது. யாழ்ப்பாணப் பகுதியில் நாகம், புடையன், சுருட்டை மூன்றும் உண்டு. கடித்தால் கயிறு போட்டு இறுக்கவோ, கீறவோ, வாயால் உறிஞ்சவோ வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, ஓட்டோவில் ஏறித் தீவு வைத்தியசாலைக்குப் போவதுதான் சரி. நாய் கடித்தாலோ கீறினாலோ காயத்தை உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவிவிட்டு அங்கேயே போங்கள். விசர்நாய்த் தடுப்பூசியைத் தள்ளிப்போட முடியாது.

ஒல்லாந்தர் காலப் புறாக்கூட்டையும் இடிந்த கோட்டையையும் அரை மணித்தியாலத்தில் பார்க்கலாம்.

நேரம் மிஞ்சினால் கடலில் கால் நனைக்கலாம், நீந்த வேண்டாம். தனியாக இருக்கும்போது, நீரோட்டம் தெரியாத கரையில், இந்த ஒரு விதியில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆழமில்லாத மணலில் திருக்கை புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிவிடும். சொறி (ஜெல்லி மீன்) மிதந்தால் கரைக்கு ஏறிவிடுங்கள். கரையில் ஒதுங்கிய முருகைக்கல்லையும் சங்கையும் பையில் போடாமல் விட்டுவாருங்கள்.

திரும்பும் வழியில் பறவை

படகு சரியாக வந்து, குறிகட்டுவான் பஸ்ஸும் சரியாகக் கிடைத்தால், மாலை வெயில் சாயும்போது மண்டைதீவுச் சந்தியடிக்கு வந்துவிடலாம். அங்கே இறங்கி, வீதியோரமாகவே நின்று பாருங்கள். பருவகாலத்தில் உள்ளான்கள் கூட்டமாகச் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும். கூழைக்கடாவும் அரிவாள்மூக்கனும் நிற்கும். கொடுத்துவைத்த நாளென்றால் பூநாரைக் கூட்டமும் தெரியும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றுத் தண்ணீரை வடித்துச் சாப்பிடும் பறவை அது. உண்ணும் சிற்றுயிர்களிலும் பாசியிலும் உள்ள நிறமிதான் இறகில் ரோஸ் நிறமாக ஏறுகிறது. குனிந்திருந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். பறக்கவைத்துப் படம் எடுப்பதற்காகக் கல்லெறிகிறவர்களைக் கண்டால் சொல்லித் தடுங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்த பறவைகளும் அந்தக் கூட்டத்தோடு நிற்கின்றன. இருட்ட முன்னம் பஸ்ஸையோ ஓட்டோவையோ பிடித்து நகரத்துக்குப் போய்விடுங்கள். அந்தத் தாம்போதியில் இரவில் நடப்பது நல்லதல்ல.

காலையிலேயே படகு இல்லை என்று சொல்லிவிட்டால் அன்றைய பொழுதை வீணாக்க வேண்டாம். வேலணையில் இறங்கிச் சாட்டிக் கடற்கரைக்குப் போகலாம். இல்லாவிட்டால் நகரத்துக்குத் திரும்பி, பருத்தித்துறைப் பக்கம் மணற்காட்டுக்குப் போங்கள். மணற்குன்றுகளில் ஏறி இறங்கி, மணல் மூடிய பழைய தேவாலயத்தின் இடிபாடுகளைப் பார்த்து வரலாம்.

நெடுந்தீவில் கடைசிப் படகைத் தவறவிட்டால் பதறி, கண்ட வள்ளத்தில் ஏறாதீர்கள். தீவில் தங்கும் விடுதிகள் இருக்கின்றன, ஓட்டோக்காரரே கொண்டுபோய் விடுவார். யாழ்ப்பாணத்து விடுதிக்காரருக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டு இரவு தங்குங்கள். குளிக்க அரை வாளி தண்ணீர் போதும் என்று வீட்டுக்காரரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். காலையில் வெயில் ஏறமுதல் குதிரைகளை இன்னொரு முறை பார்த்துவிட்டு முதல் படகுக்கு வந்துவிடலாம்.